சேத்தூர் வயலில் போன கை

என் கணவருக்கு வலது கை மில்லில் போனது. மறுநாள் காலை ஷிப்டுக்கு அவர் வேலைக்குப் போனார். போனார் என்பது மில் எழுதிவைத்துக்கொண்டது. மில்லின் கார் எங்கள் தெருமுனை வரை வந்து நின்றதும், இரண்டு ஆட்கள் அவரைக் கைத்தாங்கலாக நடத்திப் பின் சீட்டில் சாய்த்ததும் நான் பார்த்தது.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் இராஜபாளையத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தோம். அவர் ஒரு நூற்பு மில்லில் பதிலி ஆள். நிரந்தரமாக இருப்பவர்கள் லீவு போட்டால் அந்த இடத்துக்குப் போகிற வேலை. விடிந்ததும் கேட்டில் போய் நிற்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டால் உள்ளே, கூப்பிடாவிட்டால் வீட்டுக்கு. நான் ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி சுருட்டிக் கட்டுகிற பட்டறை ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் கேரம்போர்டு பற்றித்தான் சொல்ல வேண்டும். எங்கள் தெரு மன்றத்தில் அவரை ஜெயித்தவர்கள் யாரும் கிடையாது. ஸ்ட்ரைக்கரில் விரலை வைத்துவிட்டுக் காயைப் பார்க்கமாட்டார், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார். காய் குழிக்குள் விழுந்த சத்தம் கேட்ட பிறகு சிரிப்பார். என்னைப் பெண் பார்க்க சேத்தூருக்கு வந்தபோதும் அப்படித்தான் சிரித்தார்.

கார்டிங் மெஷின் பஞ்சைச் சீவுகிற மெஷின். அதன் முன்பக்கம் அடியில் இரும்புப் பல் வைத்த ஒரு உருளை சுற்றிக்கொண்டிருக்கும். பஞ்சு கட்டியாக அடைத்துக்கொண்டால் மெஷினை நிறுத்தி, அது முழுசாக நின்ற பிறகு மூடியைத் திறந்து எடுக்க வேண்டும். அது சுவரில் பெயிண்டால் எழுதியிருந்த விதி. ஆனால் நிறுத்தினால் அந்த ஷிப்டின் உற்பத்தி குறையும், மேஸ்திரிக்கு ஏச்சு விழும். அதனால் மூடியைக் கழற்றிச் சுவரோரம் சாத்திவிட்டு, ஓடுகிற மெஷினிலேயே கையை விட்டு எடுப்பதுதான் அங்கே பழக்கம். நிரந்தர ஆட்கள் அதற்குப் பதிலி ஆளைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு மத்தியானம் இவரைக் கூப்பிட்டார்கள்.

நாலு விரலும் பாதி உள்ளங்கையும் போய்விட்டன. பெருவிரல் மட்டும் மிஞ்சியது. டவுனில் ஒரு தனியார் டாக்டர் கிழிந்ததை வெட்டித் தைத்துக் கட்டுப் போட்டிருந்தார். நான் பட்டறையிலிருந்து ஓடிப்போனபோது மில்லின் லேபர் ஆபீசர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். படித்தவர், சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எங்களைப் போன்றவர்களுக்காக ஒரு ஆபீசர் எழுந்து நின்றதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"அழாதம்மா. மில்லு பாத்துக்கும். நாளைக்கு மட்டும் அவரு செத்த நேரம் வந்து உக்காந்தாப் போதும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "கை போன மனுசன் மில்லுக்கு வந்து என்ன சார் செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். உக்காரணும், அவ்வளவுதான். கார் அனுப்புறோம்."

காரணத்தையும் அவரே சொன்னார். மறைக்க வேண்டிய விஷயமாக அவருக்கு அது தோன்றவில்லை. அடிபட்டவன் இரண்டு நாளைக்கு மேல் வேலைக்கு வராவிட்டால்தான் அதைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதிப்போட வேண்டும். அதற்குள் வந்துவிட்டால் அது சின்னக் காயம். சின்னக் காயத்தை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எழுதிப்போட்டால் ஆய்வாளர் வருவார், மூடி எங்கே என்று கேட்பார், மெஷினுக்குச் சீல் வைப்பார், ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் மேனேஜர் போய் நிற்க வேண்டியிருக்கும்.

"அவரு சீக்கிரம் பெர்மனென்ட் ஆகணும்ல? நீதான் எடுத்துச் சொல்லணும்" என்றார் கடைசியில்.

டைம் ஆபீஸ் என்பது ஆட்களின் வருகையைப் பதிவு செய்கிற, கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறை. அங்கே ஒரு பெஞ்சில் அவரை உட்கார வைத்தார்கள். கூட இருந்து ஊட்டிவிடுவதற்காக என்னையும் உள்ளே விட்டார்கள். வந்ததற்குக் கையெழுத்துப் போட வேண்டும். போடுகிற கை இல்லையே. கிளார்க் கொஞ்சம் யோசித்துவிட்டு, இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்து அமுக்கிக்கொண்டார். பத்தாவது வரை படித்த மனுஷன் என் கணவர். தன் விரலில் இருந்த மையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மில்லுக்குள் பஞ்சுத் தூசி பறக்காத இடம் கிடையாது. கட்டின்மேல் ரத்தம் கசிந்த ஈரத்தில் அது வந்து வந்து ஒட்டியது. நான் எடுக்க எடுக்க ஒட்டியது. வலியில் அவர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். ஷிப்டு மாறுகிற நேரம் அவர் செக்ஷன் ஆட்கள் ஜன்னலில் வந்து பார்த்தார்கள்.

அவர்கள் பார்க்க வந்ததில் வேறொரு விஷயமும் இருந்தது. அந்த வருஷம் முழுக்க விபத்தே இல்லையென்றால் பாதுகாப்பு தினத்தன்று எல்லாருக்கும் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் தருவதாக மில்லில் அறிவித்திருந்தார்கள். பாதுகாப்பு தினத்துக்குச் சில வாரங்கள்தான் பாக்கி. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த ஒருவர், கேரம் ஆட வருகிறவர், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மாப்ள, பல்லைக் கடிச்சுக்கிட்டு நாளைக்கும் வந்துரு. டப்பா வருதுன்னு வீட்ல சொல்லிட்டேன்டா."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். சிரிக்கும்போதே வாயோரம் எச்சில் வழிந்தது. நான் முந்தானையால் துடைத்தேன்.

மறுநாளும் கார் வந்தது. அதற்கும் மறுநாள் காய்ச்சலில் அவருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. அன்றைக்கும் கூட்டிப்போனார்கள். டைம் ஆபீஸ் கிளார்க் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்ட பிறகுதான் எனக்கு அந்த நாற்றம் உறைத்தது. கட்டுக்குள்ளிருந்து வந்தது. பிறகு ஒரே பரபரப்பு. மதுரைக்குக் கொண்டுபோக அதே கார் திரும்பி வந்தது. லேபர் ஆபீசர் முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

வழியெல்லாம் அவர் என்னிடம் பரிவாகப் பேசிக்கொண்டு வந்தார். கல்லுப்பட்டியில் காரை நிறுத்தி எனக்குக் குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்தார். குழந்தையை யாரிடம் விட்டிருக்கிறாய் என்றார். பக்கத்து வீட்டில் என்றேன். உனக்கு எந்த ஊர் என்றார். சேத்தூர் என்றேன். அப்பா என்ன செய்கிறார் என்றார். விவசாயம், குத்தகைக்கு எடுத்துக் கொஞ்சம் நெல் போட்டிருக்கிறார் என்றேன். அறுப்பு முடிந்ததா என்று கேட்டார். இப்போதுதான் முடிந்தது என்றேன். என் மடியில் தலையை வைத்து என் கணவர் முனகிக்கொண்டிருந்தார். இந்த ஆபீசராவது ஒரு மனுஷராகப் பேசுகிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "எப்ப அடிபட்டது? எதுல?" என்றார்.

"கதிரடிக்கிற மெஷின் சார். இவங்க அப்பா வயல்ல. சேத்தூர்" என்றார் லேபர் ஆபீசர். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

நான் "இல்ல டாக்டர்" என்று வாயெடுத்தேன். ஆபீசர் என் முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். குரலை உயர்த்தவே இல்லை. "மில்லுன்னு சொன்னா போலீஸுக்கு எழுதணும்மா. அவங்க வந்து வாக்குமூலம் வாங்கணும். அதுவரைக்கும் டாக்டர் தொடமாட்டாரு. விஷம் மேல ஏறிக்கிட்டிருக்கு. உனக்கு மில்லு பேரு முக்கியமா, புருஷன் முக்கியமா?"

அவர் சொன்னது பொய் என்று பிற்பாடு ஒரு நர்ஸ் சொன்னாள். எந்தக் கேசாக இருந்தாலும் முதலில் வைத்தியம்தான் பார்ப்பார்களாம். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. நான் பேசாமல் இருந்தேன். கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மிஞ்சியிருந்த பெருவிரலும் அதோடு போனது.

சேதி கேட்டு என் அப்பா ஊரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார். வார்டு வாசலில் படுக்கை நம்பர் விசாரித்திருக்கிறார். சேத்தூர் என்றதும் வார்டு ஆள், "ஓ, நீதான் மெஷின்காரனா? மருமகன் கையை அறுத்துப்புட்டு இப்பத்தான் வாரியா?" என்று கேட்டிருக்கிறான். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் நெல்லைக் களத்தில் கையால் அடித்து, மாட்டைக் கட்டிப் போரடிக்கிறவர். கதிரடிக்கிற மெஷினை அவர் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்ததுகூடக் கிடையாது. என்னிடம் வந்து, "என்னம்மா சொல்லுதாவ இவிய?" என்றார். நான் சொன்னேன். கேட்டுவிட்டுக் கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பாதுகாப்பு தினம் வந்தது. மில் முழுக்கக் கொடி கட்டி, யாரோ பெரிய அதிகாரி வந்து பேசி, எல்லாருக்கும் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒன்று ஆள் மூலமாக வந்தது. நல்ல கனமான பாத்திரம், மூடி இறுக்கமாக இருக்கும். அவர் அதை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இடது கையால் திறக்கப் பார்த்தார். வரவில்லை. நகத்தைக் கொடுத்து நெம்பினார். பாத்திரம் வழுக்கி உருண்டது. நான் எடுத்துத் திறந்து கொடுத்தேன். அதற்காக என்னை அறைந்தார். அதற்கு முன்னால் அவர் என்னை அடித்ததே கிடையாது. இடது கையைப் பழக்குவதற்கு டாக்டர் என்னென்னவோ பயிற்சி சொல்லியிருந்தார். அது முதலில் பழகிக்கொண்டது என்னை அடிப்பதைத்தான்.

அறை வாங்கிய கோபமா, அப்பா தரையில் உட்கார்ந்திருந்ததை மறக்க முடியாததா, ஒரு நாள் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். மாடியில் இயங்கிய ஒரு அரசாங்க ஆபீசில் ஆய்வாளர் வருவார் என்று பட்டறையில் கூட வேலை பார்த்த ஒருத்தி சொல்லியிருந்தாள். ஆய்வாளர் வெளியே போயிருந்தார். கிளார்க் ஒருவர் இருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கெட்டவர் இல்லை. அலுத்துப்போனவர்.

"ஒனக்கு இது எப்படி நடக்குன்னு தெரியாதும்மா" என்று ஆரம்பித்தார். "மில்லுல அடிபட்டா மில்லுக்காரவுக ஒரு காகிதம் எழுதி எங்களுக்கு அனுப்புவாவ. வருசக் கடைசில மொத்தமா எம்புட்டுப் பேருன்னு இன்னொரு காகிதம். நாங்க அதைக் கூட்டி மெட்ராசுக்கு அனுப்புவோம். மெட்ராசுல அம்புட்டு ஊரையும் கூட்டி சிம்லாவுக்கு அனுப்புவாங்க. சிம்லா தெரியுமா? பனி பெய்யுற ஊரு. அங்கதான் நாட்டுக்கே சேத்து புஸ்தகம் போடுதாவ. இந்த வருசம் இந்தியாவுல இத்தனை பேருக்கு அடிபட்டுச்சு, இத்தனை பேரு செத்தான்னு."

"எங்க வீட்டுக்காரரு அதுல இருக்காரா சார்?"

அவர் சிரித்துவிட்டார். வேண்டுமென்று சிரிக்கவில்லை, அடக்க முடியவில்லை. "ஒம் புருஷன் கையி சிம்லா போகணும்னா மொதல்ல மில்லு கேட்டைத் தாண்டணும்ல? அவிய எழுதாம நாங்க எப்படிம்மா எழுத? அவிய காகிதத்துல வருசா வருசம் 'இல்லை'ன்னுதான் இருக்கும்."

"நேர்ல வந்து பாக்க மாட்டிகளா?"

"ஒரு ஆளு. எம்புட்டு மில்லு, எம்புட்டு பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆபீசு. எல்லாத்துக்கும் ஒரு ஆளு. புகாரை எழுதிக் குடுத்துட்டுப் போ."

எழுதிக் கொடுத்தேன். அந்த ஆய்வாளர் உண்மையிலேயே வந்தார் என்பதை இன்றைக்கும் நான் சொல்லியாக வேண்டும். ஜீப்பில் வந்தார், கார்டிங் செக்ஷனுக்குப் போனார். எல்லா மெஷினிலும் மூடி புதுப் பெயிண்டோடு இருந்ததாம். மேனேஜர் அறையில் உட்கார்ந்து என் கணவரைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் அங்கே இல்லை. நடந்ததை அன்றைக்குச் சாயங்காலம் என் கணவரே எனக்குச் சொன்னார். புதுக் காக்கி உடுப்பில், வலது சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்திக்கொண்டு வந்தார். கேட்டில் வாட்ச்மேன் வேலை கொடுத்திருந்தார்கள். பெர்மனென்ட்.

"ஆய்வாளரு கேட்டாரு, எங்கய்யா அடிபட்டுச்சுன்னு. சேத்தூர்ல, எங்க மாமனார் வயல்ல, கதிரடிக்கிற மெஷின்லன்னு சொல்லிட்டேன்."

"அப்ப நான் எழுதிக் குடுத்தது?"

"ஒனக்குக் கொஞ்சம் மூளை சரியில்லன்னு மேனேஜர் சொன்னாரு. நான் ஆமான்னேன்." சாப்பிட உட்கார்ந்தார். "ஏட்டி, இனிமே அதான். யாரு கேட்டாலும் சேத்தூரு. மாத்திச் சொன்ன, இந்த வேலையும் போயிரும்."

முதலில் அது வெளியாட்களுக்கான பேச்சாக இருந்தது. கேட்டில் புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள், அவர் சொல்வார். தினமும் ஒரு தடவை, இரண்டு தடவை. சொல்லச் சொல்ல அதில் விவரங்கள் சேர்ந்தன. மெஷினின் நிறம் சிவப்பு. மாமனார்தான் ஓட்டினார். நிறுத்துங்க மாமா என்று கத்தியும் அவருக்குக் காதில் விழவில்லை. இதையெல்லாம் அவர் மன்றத்தில் கேரம் ஆடுகிறவர்களுக்குச் சொல்வதை நான் தெருக்குழாயில் நின்றபடி கேட்டிருக்கிறேன். அவர்களில் டிபன் பாக்ஸ்காரரும் உண்டு. அவரும் 'உச்' கொட்டிக்கொண்டுதான் கேட்பார்.

பிறகு அது வீட்டுக்குள் வந்தது. குழம்பில் உப்புக் கூடினால், மகளுக்குக் காய்ச்சல் வந்தால், "உங்கப்பன் வாங்குன கை, நீயும் எதையாவது வாங்கிக்கோ" என்பார். அவருக்கு அது நடந்தது போலவே ஆகிவிட்டதா, இல்லை என்னைக் குத்துவதற்காகச் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு நாள் நேராகவே கேட்டேன், "நமக்குள்ளயுமா இந்தப் பொய்யி?" என்று. அவர் என்னைக் கண் கொட்டாமல் பார்த்தார். "மில்லு எனக்குச் சோறு போடுது. உங்கப்பன் என்ன போட்டான்?" என்றார்.

அப்பா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. சேத்தூரிலேயே பேச்சுப் பரவிவிட்டிருந்தது. அங்கிருந்து தினமும் பஸ்ஸில் மில்லுக்கு வருகிறவர்கள் கொண்டுபோன பேச்சு. அவரிடம் மெஷின் இல்லை என்று ஊருக்கே தெரியும். இருந்தாலும், வாடகைக்கு எடுத்திருப்பார் என்றார்கள். அவர் இறந்தபோது என் கணவர் வந்திருந்தார். கூட்டத்தில் ஒரு கிழவி அந்த மடித்த சட்டைக் கையைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுக்குப் பொறவும் வந்திருக்காரே, அந்த மனுசனுக்கு எம்புட்டுப் பெரிய மனசு" என்றாள். என் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு அதை நான் கேட்டேன். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கமாகக் குனிந்துகொண்டார்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் மகள் பிளஸ் டூ முடித்தாள். மேலே படிக்க வைக்கலாம் என்றேன். அவர் மேனேஜரிடம் பேசி அதே மில்லில் நூல் சுற்றுகிற வைண்டிங் செக்ஷனில் சேர்த்துவிட்டார். அவள் வேலைக்குப் போக ஆரம்பித்து ஒரு மாதம் இருக்கும், அரசாங்கக் கணக்கெடுப்பு என்று ஒரு இளைஞர் தோள்பையோடு வீட்டுக்கு வந்தார். உடல் ஊனமுற்றவர்கள் யார் யார், ஊனம் எப்படி வந்தது என்று வீடு வீடாக எடுக்கிறார்கள். அன்றைக்கு மூன்று பேரும் வீட்டில் இருந்தோம்.

"பிறவியிலேயா, நோயினாலயா, விபத்தா?" என்று கேட்டார்.

"விபத்து" என்றார் இவர்.

"எங்க? வேலை செய்யிற எடத்துலயா?"

"மில்லுல" என்றேன் நான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை வெளியாள் ஒருவர் முன்னால் சொன்னேன்.

இளைஞர் பேனாவை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் கணவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "சேத்தூர்ல தம்பி. கதிரடிக்கிற மெஷின்" என்றார்.

"ரெண்டுல எது சார்?"

பதில் சொன்னது மகள். ஈரத்தலையைப் பின்னிக்கொண்டே, "தாத்தா வயல்லதான் சார். அம்மாவுக்கு அப்பப்ப எல்லாம் கலங்கிரும்" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார். நான் வாசலுக்கு அப்பால் அவர் பின்னாலேயே போனேன். "தம்பி, நான் சொல்றதுதான் நெசம். விவசாயம்னு எழுதிராதிய" என்றேன். அவர் எரிந்து விழவில்லை. "வீட்டுல ரெண்டு பேரு ஒண்ணா சொல்லுறாங்கம்மா. அடிச்சுத் திருத்துனா மேல கேள்வி வரும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

உள்ளே வந்தபோது என் கணவர் குளிக்கப் போயிருந்தார். மகள் சேலைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். அவள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதை, நம்பித்தான் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். உட்கார வைத்து நடந்ததையெல்லாம் சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள். "சேந்த மொத நாளே கார்டிங் மேஸ்திரி கூப்பிட்டு அந்த மெஷினைக் காட்டுனாவ. 'ஒங்கப்பா கை இதுலதான் போச்சு. நல்ல மனுசன், வெளிய சொல்லல. நீயும் அப்படி இருந்தா நல்லா இருப்ப'ன்னாவ."

"தெரிஞ்சுமா தாத்தா பேரைச் சொன்ன?"

"தாத்தா செத்துட்டாவல்லா" என்றாள். "நான் இனிமேத்தான அங்க வேலை பாக்கணும்."

முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள். தெருமுனையில் மில் வேனின் ஹாரன் கேட்டது. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, வாரேம்மா என்று சொல்லிவிட்டு ஓடினாள்.